மோதிரத்தின் கதை



சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் 'வெனிஸ் வர்த்தகன்' கதையைச் சுருக்கித்தான் சொல்லித் தந்தார்கள். கடனுக்கு ஒரு இறாத்தல் சதை கேட்ட ஷைலொக், அவனை மடக்கிய போர்ஷியா, அவ்வளவுதான். இப்போது என் மூத்த மகளுக்குப் பள்ளியில் அதே நாடகம். இரவு வேலை இல்லாத நாட்களில் அவள் வாசித்துச் சொல்ல, நானும் கேட்டேன். ஷைலொக்குக்கு ஜெசிக்கா என்றொரு மகள் இருந்ததை அப்போதுதான் அறிந்தேன்.

ஷேக்ஸ்பியர் இதை எழுதியது 1596, 1597 அளவில். இங்கிலாந்து யூதர்களை 1290இலேயே வெளியேற்றியிருந்தது. வெனிஸில் 1516 முதல் அவர்களைக் 'கெற்றோ' என்ற தனிக் குடியிருப்பில் வைத்து, இரவில் வாயிற்கதவைப் பூட்டினார்கள். நாடகத்தில் கெற்றோவைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் ஷைலொக் தன் வீட்டைத் தானே பூட்டுகிறான். விருந்துக்குப் போகும்போது திறப்புகளை மகளிடம் கொடுத்து, தெருவில் முகமூடிக்காரர் மேளத்தோடு போனாலும் யன்னலால் எட்டிப் பார்க்கக் கூடாது, கதவுகளைச் சாத்து என்கிறான்.

அன்றிரவே ஜெசிக்கா ஆண்பிள்ளை வேடத்தில், ஒரு பெட்டி பொன்னும் நகையுமாக, லொறன்சோ என்ற கிறிஸ்தவ வாலிபனோடு போய்விடுகிறாள். தகப்பனையும் விட்டாள், அவனுடைய மதத்தையும் விட்டாள்.

என் மகள் ஜெசிக்காவின் பக்கம். "சிரிப்பே இல்லாத வீட்டில் எப்படி அப்பா இருக்கிறது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகுதான் மோதிரம் வருகிறது. ஜெனோவாவில் ஒரே இரவில் 80 டக்கட் செலவழித்த ஜெசிக்கா, ஒரு மோதிரத்தைக் கொடுத்துக் குரங்கு வாங்கினாளாம். தூபால் என்ற நண்பன் வந்து சொல்கிறான். சற்று முன்னர், நகைகளோடு மகள் தன் காலடியில் செத்துக் கிடந்தாலும் பரவாயில்லை என்று கத்திய ஷைலொக், மோதிரம் என்றதும் துடித்துப் போகிறான். அது கலியாணத்துக்கு முன் லேயா அவனுக்குத் தந்தது. அவன் மனைவி, ஜெசிக்காவின் தாய் என்றே அவளைக் கொள்கிறார்கள். நாடகம் முழுவதிலும் அவள் பெயர் வருவது அந்த ஒரு இடத்தில்தான்.

மோதிரத்தின் கதையை ஷைலொக் தூபாலுக்குச் சொன்னான். மகளுக்குச் சொன்னானா? தகப்பனும் மகளும் கதைப்பது ஒரே ஒரு காட்சியில். அதிலும் திறப்பும் கதவும்தான் பேச்சு.

போன இடத்திலும் ஜெசிக்காவை யூதனின் மகள் என்று கேலி செய்கிறார்கள். நீதிமன்றத்தில் ஷைலொக்கும் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்படுகிறான். அவன் இறந்த பின் சொத்து லொறன்சோவுக்கும் மகளுக்கும். இருந்தும், இனிய இசை கேட்டால் தனக்கு மகிழ்ச்சி வருவதில்லை என்பதுதான் ஜெசிக்காவின் கடைசிப் பேச்சு.

தகப்பன்மாரே, பிள்ளை எத்தனை மணிக்கு வீடு வந்தது என்று நாங்கள் எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். நானும்தான். எங்கள் அலுமாரியில் என் அம்மாவின் ஒரு சோடித் தோடு இருக்கிறது. ஊரை விட்டு வந்தபோது சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டு வந்தது. அன்றிரவு அதை எடுத்து, முழுக் கதையையும் மகளுக்குச் சொன்னேன்.

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

அதற்கும் எனக்குப் பதில் வரவில்லை.