பியூஸ் போனா கம்பி சுத்துற வைத்தியம்

சம்பாவுல இலைச்சுருட்டுப் புழு விழுந்தா எங்க குடவாசல் பக்கம் முதுகுக்கு முதுகு பேட்டரி ஸ்பிரேயர்தான். 16 லிட்டர் மருந்துத் தண்ணி, அடியில 12 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன மோட்டார். பியூஸ் போச்சுன்னு கொண்டு போனா, சில மெக்கானிக்குங்க 5 ஆம்ப் இருந்த இடத்துல 15 ஆம்ப் சொருகுறாங்க. அதுவும் இல்லேன்னா செப்புக் கம்பியைச் சுத்திக் கொடுத்துடுறாங்க. கேட்டா, "12 வோல்ட்டுதானே, ஷாக்கா அடிக்கப் போவுது?"

ஷாக் அடிக்காது. தீப்பிடிக்கும். உங்க வீட்டு 230 வோல்ட்டுல 60 வாட் பல்பு இழுக்கிறது கால் ஆம்ப். அதே 60 வாட்டுக்கு 12 வோல்ட்டுல 5 ஆம்ப் வேணும். வயரைச் சுட வைக்கிறது ஆம்ப்தான். மோட்டார் சிக்கி நின்னுட்டா பல மடங்கு இழுக்கும், பேட்டரியும் கேட்டதைக் கொடுக்கும். உங்க பைக்கும் இதே 12 வோல்ட்தான், அங்கேயும் கம்பி சுத்த விடாதீங்க.

காரணம் கண்டுபிடிக்க பத்து நிமிஷம் ஆகுமா? பியூஸ் இடத்துல நல்லா எரியுற பழைய ஹெட்லைட் பல்பு ஒண்ணை மாட்டணும். மோட்டார் வயரைக் கழட்டிட்டு சுவிட்சைப் போடணும். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா வயர் எங்கேயோ தோல் உரிஞ்சு ஒட்டுது. எரியலேன்னா மோட்டாரையும் பம்பையும் பிரிச்சுப் பார்க்கணும். சரியாக் கரைக்காத பவுடர் மருந்து பம்புக்குள்ள இறுகிக் கிடக்கும், பாதி நேரம் அதான்.

இதைச் செய்யாம கம்பி சுத்துறது சோம்பேறித்தனம். டேங்கைச் சுமக்கிறவர் கூலிக்கு வந்தவர், உள்ளே கம்பி இருக்கிறது அவருக்குத் தெரியாது. சுத்தின மெக்கானிக்கே அதை மாட்டிக்கிட்டு ஒரு மா அடிச்சுக் காட்டட்டும்.