தராசு சொல்லாததை 'டேப்' சொல்லும்

ஒரு காலத்தில் பெரிய ரெயில் நிலையங்களில் எல்லாம் எடை பார்க்கும் எந்திரம் இருந்தது. அதில் ஏறி நின்று காசு போட்டால், வண்ண விளக்குகள் சுழலும். 'டக்' என்று ஒரு சிறு அட்டை வந்து விழும். ஒரு பக்கத்தில் எடை இருக்கும். மறு பக்கத்தில் ஜோசியம் இருக்கும். இரண்டையும் நம்பியவர்கள் உண்டு.

இப்பொழுது எடை பார்க்கும் தராசு பல வீடுகளுக்கே வந்து விட்டது. காலையில் எழுந்ததும் அதில் ஏறி நிற்கிறார்கள். அரை கிலோ குறைந்தால் சந்தோஷம். அரை கிலோ கூடினால் அன்று முழுவதும் சிடுசிடுப்பு. "எனக்கு இட்லி வேண்டாம்" என்று எழுந்து போய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கவலை தேவைதானா? தராசு பொய் சொல்லவில்லை. ஆனால், அது முழு உண்மையையும் சொல்லவில்லை.

தராசு எதை நிறுக்கிறது?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒருவர் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் குடித்து விட்டுத் தராசில் ஏறினால், எடை கூடித்தான் இருக்கும். அவர் அதற்குள் பருத்து விட்டார் என்று அர்த்தம் அல்ல.

கல்யாண வீட்டில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டவருக்கு மறுநாள் எடை கூடுவது உண்டு. உப்பு, தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களை ஒட்டி எடை சற்று ஏறி இறங்கும். இப்படி ஒரே ஆளின் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ, இரண்டு கிலோ வித்தியாசப்படுவது சாதாரண விஷயம்.

தராசுக்கு எல்லாம் ஒன்றுதான். எலும்பு, சதை, தண்ணீர், கொழுப்பு, சாப்பிட்ட சாப்பாடு அனைத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. எது கூடியது, எது குறைந்தது என்று அதற்குத் தெரியாது.

இதனால் இரண்டு வித ஏமாற்றம் ஏற்படுகிறது.

உடம்பைக் குறைக்கத் தினமும் உடற்பயிற்சி செய்கிறார் ஒருவர். கொழுப்பு குறைகிறது. சதை உரம் ஏறுகிறது. தராசில் எடை குறையவே இல்லை. "இவ்வளவு பாடுபட்டும் பலன் இல்லையே" என்று மனம் சோர்ந்து, பயிற்சியை விட்டு விடுகிறார்.

இன்னொருவர், "பத்து வருஷமாக என் எடை மாறவே இல்லை" என்று பெருமைப்படுகிறார். வயது ஏற ஏற, உழைப்பு குறையக் குறைய, கை கால்களில் சதை குறைகிறது. அந்த இடத்தைப் பிடிக்க வயிற்றில் கொழுப்பு சேருகிறது. மொத்த எடை மாறவில்லை. ஆனால் ஆள் மாறி விட்டார். இவருக்கு வரும் ஏமாற்றம்தான் மிக ஆபத்தானது.

ஒரே கணக்கு, இரண்டு உடம்பு

ஒருவருடைய எடையை அவர் உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. 'பி.எம்.ஐ.' என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கும் சில சமயம் ஏமாற்றி விடும்.

2004-ம் ஆண்டு, 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்கள் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். ஒருவர் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக். மற்றவர் லண்டன் டாக்டர் யுட்கின். இருவருக்கும் அந்தக் கணக்கு 22.3 என்றே வந்தது. கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை எந்திரத்தில் அளந்து பார்த்தபோது, லண்டன் டாக்டருக்கு நூற்றுக்கு 9.1 பங்குதான் இருந்தது. புனே டாக்டருக்கோ நூற்றுக்கு 21.2 பங்கு! இரண்டு மடங்குக்கும் மேல்!

இந்தியர்களில் பலர் பார்வைக்கு ஒல்லியாக இருப்பார்கள். கை கால் மெலிந்து இருக்கும். வயிறு மட்டும் முன்னால் வந்து இருக்கும். இதைத் "தொந்தி" என்று சொல்லிச் சிரித்து விடுவார்கள். சிலர் "வசதியின் அடையாளம்" என்றுகூடச் சொல்வார்கள். இது சிரித்து விட்டு விடக் கூடிய விஷயம் அல்ல.

எங்கே சேருகிறது?

கொழுப்பு எவ்வளவு என்பதைப் போலவே, எங்கே சேருகிறது என்பதும் முக்கியம். பிரான்சு நாட்டு டாக்டர் ழான் வாக், 1947-ம் ஆண்டிலேயே இதை எடுத்துக் கூறினார்.

தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு அவ்வளவாகக் கெடுதல் செய்வது இல்லை. வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் கெடுதல் செய்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்பு பயன்படுத்த இன்சுலின் தேவை. வயிற்றுக் கொழுப்பு மிகுந்தால், இன்சுலினின் வேலை மந்தம் அடைகிறது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றுக்கு இது வழி திறந்து விடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தன. அதன் முடிவு 2023-ம் ஆண்டு வெளியாயிற்று. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் என்று அதில் கூறப்பட்டு இருக்கிறது.

வயிற்றுக் கொழுப்பைத் தராசு காட்டாது. தையல்காரர் கழுத்தில் தொங்குகிறதே 'இஞ்சு டேப்', அது காட்டும்!

எப்படி அளப்பது?

காலையில் வெறும் வயிற்றில் அளக்க வேண்டும். துணியின் மேல் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்பையும், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அவை இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும்.

நேராக நிற்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. அளக்கிறவர் வேறு ஒருவராக இருந்தால், பலர் மூச்சைப் பிடித்துக் கொள்கிறார்கள்! சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். டேப் தோலை அழுத்தக் கூடாது. தொங்கவும் கூடாது. முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும்.

"என் பேண்ட் அளவு 34. அது மாறவே இல்லை" என்று சிலர் சொல்வார்கள். பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டால், அளவு எப்படி மாறும்? அரைஞாண் கயிறும் அப்படித்தான். வயிறு அதற்கு மேலே வளர்ந்து கொண்டே போகும்.

எவ்வளவு இருக்கலாம்?

இந்திய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டி மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது, சுமார் 35 அங்குலம். பெண்களுக்கு 80 சென்டி மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது, சுமார் 31 அங்குலம்.

இன்னும் எளிதான கணக்கும் இருக்கிறது. வயிற்றின் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 5 அடி உயரம் உள்ள பெண்ணுக்கு உயரம் 60 அங்குலம். அதில் பாதி 30. ஐந்தரை அடி ஆணுக்கு உயரம் 66 அங்குலம். பாதி 33.

தினமும் அளக்கத் தேவை இல்லை. மாதம் ஒரு முறை போதும். அளவை வீட்டுக் கணக்கு நோட்டில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். ஒரு மாதம் அரை அங்குலம் கூடினால் பயப்பட வேண்டாம். அளந்ததில் பிசகு இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால், அது எச்சரிக்கை.

அப்பொழுது பட்டினி கிடக்கக் கூடாது. பட்டினியால் சதையும் கரையும். தட்டில் ஒரு கரண்டி சோறு குறையட்டும். காய், கீரை, பயறு கூடட்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வயிற்றை மட்டும் கரைக்கும் பெல்ட் என்று விற்பதை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். வீட்டுப் பெண்கள், "மிச்சம் வீணாகக் கூடாது" என்று கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை விட வேண்டும்.

தராசும் வேண்டும்

இதற்காகத் தராசைத் தூக்கி எறிய வேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடை பார்ப்பது அவசியம். கர்ப்பிணிகளுக்கு இந்த டேப் கணக்கு பொருந்தாது. இருதயப் பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்னபடி எடை பார்த்தே தீர வேண்டும். எந்த முயற்சியும் இல்லாமல் உடம்பு இளைத்தாலும், வயிறு மட்டும் திடீர் என்று வீங்கினாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு டேப் போதும். அதன் விலை குறைவு. எண் படிக்கத் தெரிந்த யாரும் அளந்து விடலாம். பல வீடுகளில் அது ஏற்கனவே தையல் மிஷின் இழுப்பறையில் சுருண்டு கிடக்கிறது.

அதை எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் ஒரு முறை அளந்து எழுதி வைக்கட்டும். அடுத்த மாதம் மறுபடியும் அளக்கட்டும். நோய் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் தெரிந்து கொள்வதை விட, வரும் முன்பே வீட்டில் தெரிந்து கொள்வது நல்லது அல்லவா?