தைப்பவருக்கு எவ்வளவு?

2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. வழக்கில் சிக்கியது பழைய டயர்களைப் பதப்படுத்தும் நிறுவனம். கழிவைக் கையாளும் தொழில் எல்லாமே ஊருக்கு நல்லது என்ற எண்ணம் ஜொகூரில் அன்றே உடைந்துபோனது.

ஆகவே, கழிவுத் துணியில் பையும் பர்ஸும் தைத்து விற்கும் சமூகத் தொழில் நிறுவனங்களையும் கேள்வி கேட்டே வரவேற்க வேண்டும். அவர்கள் ஆண்டறிக்கையில் எத்தனை கிலோ குப்பை குறைந்தது என்பது இருக்கும். நான் தேடுவது தைத்த பெண்ணின் மாத வருமானத்தை.

கோலாலம்பூரின் பிஜி-பிஜி நிறுவனம் பழைய சீட் பெல்ட்டுகளையும் விளம்பரப் பதாகைகளையும் அழகான பைகளாக்கி இத்துறைக்கு மதிப்புத் தேடித் தந்தது. ஆனால் 2022 மார்ச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஜொகூர் முழுக்கக் கட்டிய கொடிகளையும் பதாகைகளையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் குவியலைச் சில தையல் இயந்திரங்கள் கரைத்துவிடாது. இந்த நிறுவனங்களின் பலம் வேலை கொடுப்பதில் இருக்கிறது.

பாலம் தாண்டி சிங்கப்பூர் போக முடிந்தவருக்குச் சம்பளம் ரிங்கிட்டில் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். கைக்குழந்தையையோ படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ விட்டு நகர முடியாத பெண்ணுக்கு அந்தப் பாலம் இல்லை. தோட்டம் கைமாறியபின் மாசாய், கூலாய் அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்ட நம் குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களுக்கு இலவசத் தையல் வகுப்பு நடக்கும், சான்றிதழ் கிடைக்கும், சிலருக்கு இயந்திரமும் கிடைக்கும். அதன்பிறகு ஆர்டர் வராது.

ஆர்டர் நிலைக்க வேண்டுமானால் துணி ஒரே மாதிரி கிடைக்க வேண்டும். தானமாக வரும் பழைய உடைகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு தடிமன். பிரித்து, துவைத்து, பொத்தான் கழற்றுவதிலேயே கூலி கரைந்துவிடும். ஆடைத் தொழிலுக்குப் பேர்போன பத்து பகாட்டில் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளோ புதியவை; ஒரே சுருளில் வந்தவை. ஐந்நூறு பை கேட்டாலும் ஒரே தரத்தில் தைக்கலாம்.

2004 சுனாமிக்குப் பின் புதுச்சேரி அருகேயுள்ள ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களைக் கொண்டு துண்டுத் துணியில் செய்த 'சுனாமிகா' பொம்மைகளை எண்ணிப் பார்க்கிறேன். அவை விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே போயின. நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி போனது. அங்கே முதலில் வந்தது அந்தப் பெண்களின் தேவை. துணி பிறகுதான் வந்தது.

2025 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வீட்டிலிருந்து துண்டுக் கூலிக்குத் தைப்பவர் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. சமூகத் தொழில் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அரசு, தைப்பவருக்கு மணிக்கு எவ்வளவு போகிறது என்று எழுதி வாங்கட்டும். பதாகையைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், அதைப் பிரித்துத் துவைக்கும் செலவையும் கொடுக்கட்டும். நம் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் ஆண்டுதோறும் வாங்கும் பைகளை இந்தப் பெண்களிடம் முன்பணத்தோடு, ஓராண்டுக்கு முன்னதாகவே சொல்லிவைக்கலாம்.