தூங்குமூஞ்சின்னு சொல்லாதீங்க பாஸ்!

உங்க க்ளாஸ்ல எப்பப் பார்த்தாலும் தூங்கி வழியிற பொண்ணு இருக்காங்களா? 'தூங்குமூஞ்சி'ன்னு பட்டப்பேரும் வெச்சாச்சா? கொஞ்சம் பொறுங்க. தைராய்டா இருக்கலாம். சென்னை உட்பட 8 நகரங்கள்ல எடுத்து 2013-ல் வெளியான ஆய்வுப்படி, பத்துல ஒருத்தருக்கு தைராய்டு சுரப்பு குறைவு.

இதுல ஒரு வகை ஹாஷிமோட்டோ. 1912-ல் ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ முதல்ல எழுதினது. நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம தைராய்டைத் தாக்கும். சேம் சைடு கோல்!

தூக்கம், வெயிட்டோட விஷயம் முடியலை. சுரப்பு குறைஞ்சா கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், ரத்தக்குழாய் விறைச்சுக்கும். குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு விட்டாத்தான் அது நல்லா விரியும். (இதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 1998-ல் நோபல்!) வேகமா நடந்தா ரத்தம் சுவரை உரசிக்கிட்டு ஓடும், உடனே அந்த வாயு சுரக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்ச எனக்கே 'ஷியர் ஸ்ட்ரெஸ்' இப்பத்தான் புரிஞ்சுது.

ஆவடிக்காரங்களுக்கு பருத்திப்பட்டு ஏரிக்கரை இருக்கு. வாரம் 150 நிமிஷம் வேகமா நடந்தா போதும். அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க, ரெண்டும் வேணும். வெறும் வயித்துல மாத்திரை போட்டா டீக்கு அரை மணி நேரமாவது காத்திருக்கணுமே... அந்த கேப்ல நடந்துட்டு வந்துடலாம். படபடப்பு இருந்தா மட்டும் முதல்ல டாக்டரைக் கேட்டுக்கோங்க.

டி.எஸ்.ஹெச். டெஸ்ட்டுக்கு கொஞ்சம் ரத்தம்தான் வேணும். கூடப் போக ஆள் இல்லையாம். பட்டப்பேர் வெச்சது நீங்கதானே, நீங்களே போங்க!