மலையேறும் தம்பதியரும் மஷூராவும்

நம் கடற்கரை ஊர்களில் மலேசியா என்றால் நெடுங்காலம் சபர் என்றே பொருள். கணவர் கப்பலேறுவார், மனைவி ஊரில் இருப்பார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சபுராளி வந்து போவார். இன்று அதே மலேசியாவுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே விடுமுறைக்குச் செல்கின்றனர். கோலாலம்பூரில் உறவினர் வீடு, லங்காவியில் கடல் என்பதோடு நில்லாமல், சபா மாநிலத்தின் கினாபாலு மலையில் ஏறிவரவும் சிலர் புறப்பட்டிருக்கின்றனர்.

வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இது உவப்பாயில்லை. காசைக் கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவானேன், அந்தப் பணத்தில் உம்ரா செய்யலாகாதா என்கின்றனர். உம்ராவின் சிறப்பை மறுப்பார் யார்? ஆயினும் இப்படிக் கேட்கும் தாய்மார்களில் பலர், மக்கா சென்றபோது முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் ஜபலுந் நூர் மலையேறி ஹிரா குகையைக் கண்டு வந்தவர்களே. பூமியில் பயணம் செய்து இறைவனின் படைப்பைச் சிந்திக்குமாறு குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. எனவே, மலையேறலாமா கூடாதா என்பதில் நமக்கு வழக்கில்லை. அந்தப் பயணம் எப்படி முடிவு செய்யப்படுகிறது என்பதில்தான் நமக்கு வழக்கு உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முப்பது நாள் விடுப்பு. கைப்பேசியில் ஒரு காணொளி. உடனே முன்பதிவு. பிறகுதான் மனைவிக்குச் செய்தி: “உனக்காக ஒரு இன்ப அதிர்ச்சி.” கேட்காமல் கொடுக்கும் இந்தப் பரிசைப் பெற்றவர், நாலாயிரம் மீட்டர் உயரத்துக்குத் தம் கால்களாலேயே ஏறியாக வேண்டும். குழந்தைக்குப் பால்குடியை நிறுத்துவதைக்கூடக் கணவனும் மனைவியும் ஒப்பி, கலந்தாலோசித்துச் செய்வதைப் பற்றி குர்ஆன் பேசுகிறது. அதற்கே மஷூரா உண்டென்றால் இதற்கு வேண்டாமா?

கினாபாலுவின் உயரம் 4,095 மீட்டர். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்தான். ஏற்றம் தொடங்கும் திம்போஹான் வாயிலே 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், பெரும்பாலும் படிகளும் வேர்களும் பாறைகளுமான பாதையில் ஏறி, 3,272 மீட்டரிலுள்ள பனாலாபானில் இரவு தங்க வேண்டும். நள்ளிரவு கடந்து இரண்டரை மணியளவில், நெற்றியில் கட்டிய விளக்கோடு மீண்டும் புறப்பாடு. கருங்கல் சரிவில் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏற்றம். குறித்த நேரத்துக்குள் சயாட்-சயாட் சோதனைச் சாவடியை அடையாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவர். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. 2015 ஜூன் 5ஆம் நாள் அம்மலையை உலுக்கிய நிலநடுக்கத்தில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப்பிள்ளைகளும், உடன் சென்ற உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தனர். இது பூங்காவில் உலாவுவது போன்றதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

கால்வலியைவிட நாம் அஞ்சவேண்டியது உயரத்தால் வரும் நோவு. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் காற்றின் அழுத்தம் குறைந்து, மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், உறக்கமின்மை என்று அது தொடங்கும். நடை தடுமாறுதல், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் உயிருக்கே ஆபத்து. உடனே கீழிறங்குவதுதான் முதல் மருந்து. இந்த நோவு இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று உடற்கட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டிளங்காளை படுத்துவிடுவார், மெலிந்த பெண்மணி நலமாக இருப்பார்.

நாம் அறிந்த ஒரு தம்பதியருக்கு அப்படித்தான் நேர்ந்தது. கணவர் வளைகுடாவில் பணிபுரிபவர். பனாலாபானை அடைந்த மாலையிலேயே அவருக்குத் தலை பிளந்தது, உணவு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. பல மாதங்களுக்கு முன்பே கட்டிய பணம், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவந்த சொல், எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி தெம்பாக இருக்கத் தாம் சோர்ந்துவிட்டோமே என்ற கூச்சம். இரண்டு மணிக்கு எழுந்தவர் செருப்பு வாரைக்கூடச் சரியாக மாட்ட முடியாமல் தடுமாறியதைக் கண்டு, அந்தச் சகோதரிதான் வழிகாட்டியை அழைத்தார். வழிகாட்டி தயங்கவில்லை. மேலே போக முடியாது என்று சொல்லி, இருவரையும் கீழே அழைத்துச் சென்றார். இறங்க இறங்கக் கணவரின் முகம் தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஊர் திரும்பியபின் வந்த பேச்சுதான் நம்மை எழுத வைத்தது. இவ்வளவு காசைக் கொட்டி உச்சியைத் தொடாமலா வந்தீர்கள் என்றார் ஒருவர். “பெண்டாட்டி பேச்சைக் கேட்டு இறங்கிவிட்டான்” என்றார் இன்னொருவர், நகைச்சுவை என்று எண்ணிக்கொண்டு. நம் பார்வையில், அந்தப் பயணத்தில் பொறுப்போடு நடந்தவர் அந்தச் சகோதரியே. உடல் இறைவன் தந்த அமானிதம். நோவை மறைப்பவர் தம் உடலுக்கு மட்டுமன்றித் துணைக்கும் தீங்கிழைக்கிறார். அங்கே ஒருவர் விழுந்தால் மற்றவரும் வழிகாட்டியும் மீட்புக் குழுவினரும் அந்தச் சரிவில் உயிரைப் பணயம் வைக்க நேரும். ஆண்மைக்கு அழகு வலியை மறைப்பது என்று நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நாம்தாம், இத்தகைய கேலிகளால்தாம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். முதன்முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு சமயம் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்றார்கள். இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டே அந்தப் பந்தயம் நடந்தது. பார்வையாளர் இல்லாத விளையாட்டு அது. மனைவியிடம் தோற்றது நபியவர்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்குத் தம் முழங்காலையே படியாக வைத்துக் கொடுத்ததும் ஒரு பயணத்தில்தான். இன்றோ ஒவ்வோர் அடிக்கும் படம் பிடித்து உடனுக்குடன் அனுப்புகிறோம். கணவர் முன்னே விரைகிறார். மனைவி அரை மணி பின்னே, வழிகாட்டியோடு. இருவரில் மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும் என்பதே நம் கருத்து. வேகம் தானாக அமையும். விரைந்து ஏறுவதால் வரும் நோவும் குறையும்.

தொழுகையைப் பற்றியும் புறப்படுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும். முஸாஃபிர் சலுகைகள் மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஜம்உ செய்யலாம், ஹனஃபியில் அவ்வாறில்லை. சுப்ஹுக்கோ கஸ்ரும் இல்லை, ஜம்உம் இல்லை. அதன் வக்து நுழைவது சரியாகக் கருங்கல் சரிவில் நிற்கும் வேளையில். தங்குமிடத்திலேயே ஒளு செய்துகொண்டு, வழியில் சில நிமிடம் நிற்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்னிரவே சொல்லிவிடுவது நலம். சபாவிலிருந்து கிப்லா மேற்கில் சற்றே வடக்காக அமையும். தண்ணீர் குளிர்கிறது என்பதற்காக மட்டும் தயம்மும் செய்துவிட முடியாது. தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சம் வேண்டும். அப்போதும் ஷாஃபிஈகளுக்குப் புழுதியுள்ள மண் தேவை, மழை கழுவிய பாறை போதாது. ஹனஃபிகளுக்குப் பாறையே போதும். தம் பகுதி ஆலிமிடம் இவற்றைக் கேட்டுத் தெளிவது கால் மணி நேர வேலை.

உடையைப் பற்றிக் கவலைப்படும் சகோதரிகளுக்கு: மலாய்ப் பெண்கள் தலைத்துணியோடுதான் அம்மலையில் ஏறி இறங்குகிறார்கள். அம்மலையைத் தம் முன்னோர் உறையும் இடமாகக் கருதும் கடஸான் டூசுன் மக்களின் ஊர் அது. அந்த நம்பிக்கை நமதன்று, ஆனால் அங்கே கூச்சலிடாமலும் குப்பை போடாமலும் நடப்பது நம் அக்லாக்.

போவதென்று இருவரும் மனமொப்பி முடிவு செய்தால், குறைந்தது மூன்று மாதப் பழக்கம் வேண்டும். இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் பற்றி மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிந்து வாழும் தம்பதியருக்கு அதுவும் ஒரு வாய்ப்பு. அவர் துபாயில் மின்தூக்கியை விட்டுப் படிக்கட்டில் ஏறட்டும். இவர் ஊரில் சுப்ஹுக்குப் பின் மொட்டைமாடிப் படிகளில் ஏறி இறங்கட்டும். இரவில் பேசும்போது எத்தனை மாடி, மூச்சு வாங்கியதா, முழங்கால் எப்படி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்லும் பழக்கமும் அப்போதே தொடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.