பாசிட்டிவ் என்று சொல்லப்போவது யார்?

உள்நாட்டு எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைகள் 2025 ஏப்ரலில் மதிப்பீட்டை முடித்ததிலிருந்து வாசகர்கள் நம்மைக் கேட்பது ஒன்றுதான்: அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ.வை விட்டுவிடலாமா? விடத்தான் வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. உஸ்மானாபாத் ஆய்வில் ஒரே ஒரு சுற்று எச்.பி.வி. சோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது. அங்கே வி.ஐ.ஏ. அப்படிக் குறைத்துக் காட்டவில்லை. திண்டுக்கல் அம்பிளிக்கையில் செவிலியர்கள் செய்த வி.ஐ.ஏ. இறப்பை 35 சதவீதம் குறைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே பயிற்சியும் மேற்பார்வையும் விடாமல் இருந்தன. நம் முகாம்களில் அசிட்டிக் அமிலம் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கக்கூட வரிசை விடுவதில்லை. ஒரு செவிலியர் வெண்படலம் என்று எழுதுவதை இன்னொருவர் அழற்சி என்று எழுதுகிறார்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டுச் சோதனைகளில் ஒன்றான ட்ரூநாட், காசநோய்ப் பரிசோதனை வழியாக நமக்குப் பழக்கமானது. பேட்டரியில் ஓடும், எட்டு உயர் ஆபத்து வகைகளைப் பார்க்கும், ஒரு சிப்புக்கு ஒரு மாதிரி, முடிவுக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஆலங்காயம் வட்டாரத்தில் அறுபது பெண்கள் வரும் முகாமில் அன்றைக்கே அத்தனை பேருக்கும் முடிவு தருவது நடக்காத காரியம். மாதிரி ஒரு நாள் எடுப்போம், முடிவு இன்னொரு நாள் வரும். வி.ஐ.ஏ.வுக்கு எத்தனை குறை இருந்தாலும், பெண் மேசையை விட்டு இறங்குமுன் அவளிடம் பேச ஒரு வாய்ப்பு இருந்தது. இனி அதுவும் இல்லை. முடிவை ஜவ்வாது மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார், என்ன சொல்லிச் சேர்ப்பார் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் நம் கண்ணில் படவில்லை.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி ஆலங்காயத்தில் பேருந்துக்கு நிற்கும் பெண்ணின் கையில் நான்கு விரல் அகலச் சீட்டு ஒன்று இருக்கிறது. 'வி.ஐ.ஏ. பாசிட்டிவ், கால்போ, ஜி.எச்.' என்று ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருக்கும். அவள் அதை மருந்துக்கடையில் காட்டிப் படிக்கச் சொல்கிறாள். கடைக்காரருக்குத் தெரிந்தது கேன்சர் டெஸ்ட், பாசிட்டிவ் என்ற அளவுதான், அதையே சொல்கிறார். வீடு போய்ச் சேருவதற்குள் அது கேன்சர் ஆகிவிடுகிறது. பிறகு அவள் கால்போஸ்கோப்பிக்கு வரவில்லை என்றால் பதிவேட்டில் 'மறுத்துவிட்டார்' என்று நாம் எழுதுகிறோம். அவளிடம் எதைச் சொன்னோம், எதை அவள் மறுப்பதற்கு? அம்பிளிக்கையில் வி.ஐ.ஏ. பாசிட்டிவான 3,088 பேரில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோப்பி நடந்தது. கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள் என்று சொல்பவர்கள் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

எச்.பி.வி.யில் சிக்கல் இன்னும் பெரிது. உஸ்மானாபாத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் பாசிட்டிவ். இவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் கிருமி தானே போய்விடும், புற்றுநோய் வராது. ஆனால் இது உடலுறவில் தொற்றும் கிருமி. மாதக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போய்வரும் கணவனுள்ள வீட்டில் இந்த முடிவு எப்படி இறங்கும் என்று யோசித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது, இதில் யாருடைய நடத்தைக்கும் சாட்சி இல்லை என்பதை மாதிரி எடுக்குமுன்பே ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நெகட்டிவ் வந்தவளுக்கும், ஐந்தாண்டுக்குப் பயமில்லை, வெள்ளைப்படுதலோ இடையில் ரத்தப்போக்கோ வந்தால் மட்டும் காத்திருக்காதே என்று சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

அந்தப் பத்து நிமிடத்தை எச்.ஐ.வி. சோதனைக்குச் சட்டமே கொடுத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கட்டாயம். புற்றுநோய்க்கு அப்படியொரு வரி இல்லை. தொற்றா நோய்த் திட்டத்தில் ஆலோசகர் பணியிடம் மாவட்ட, வட்டார மருத்துவமனையோடு நின்றுவிடுகிறது. மலைமேல் அந்த வேலையும் ஏற்கெனவே பத்துப் பதிவேடு எழுதும் கிராம சுகாதாரச் செவிலியர் தலையில்தான் விழுகிறது. சமீரா கோலி வழக்கில் 2008லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒப்புதல் வாங்கலாம், ஆனால் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். அந்த வழக்கில் நோயாளிக்காக அவருடைய தாய் போட்ட கையெழுத்து செல்லவில்லை. இங்கே முகாமில் கணவன் போடும் கையெழுத்தை வைத்துக்கொண்டு அதே மேசையில் தெர்மல் அப்லேஷன் சிகிச்சை செய்துவிடுகிற வழக்கத்தை எந்த மேலதிகாரி கேட்டார்?

ஆலங்காயம் அடங்கிய திருப்பத்தூர் மாவட்டம் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் புதியதல்ல. 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரியோடு சேர்ந்து முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வீட்டுக்கே அழைப்பிதழ் கொண்டுபோய்க் கொடுத்த திட்டம் அது, நல்ல திட்டம். ஆனால் ஆய்வுக் கூட்டங்களில் கேட்பது எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்றுதான். பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று கேட்ட கூட்டத்தில் உட்கார்ந்த நினைவு நமக்கில்லை. ஆலோசனைக்கு ஆள் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். பதிலாக வந்தது அடுத்த மாத முகாம் இலக்கு. மலையோ மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, பீஞ்சமந்தை வேலூருக்கு, புதூர்நாடு திருப்பத்தூருக்கு. பக்கத்து மாவட்ட மருத்துவமனை கிட்டே இருந்தாலும் பரிந்துரைச் சீட்டு எல்லை தாண்டுவதில்லை. காப்பீடு 5 லட்சம் வரை தரும். காஞ்சிபுரம் காரப்பேட்டைக்குக் கதிர்வீச்சுக்குப் போய்வரும் வாரங்களில் இழக்கும் கூலியையும் துணைக்கு வருபவரின் கூலியையும் அது தராது. இதையும் சிகிச்சை முடிவெடுக்கும் முன்பே அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். பாதியில் நின்றுபோகும் கதிர்வீச்சின் கேடு நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே மருத்துவ அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவி உங்கள் நிலையத்துக்கு வரும்போது பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுமுன், முடிவைச் சொல்லப்போகிறவரின் பெயர், அவருக்கு ஒதுக்கிய நாள், பெண்ணின் கையில் தமிழில் கொடுக்கப்போகும் தாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால், தரவில்லை என்பதைக் கோப்பில் பதிவு செய்துவிட்டு மாதிரி எடுப்பதைத் தள்ளிவையுங்கள். இலக்கு குறைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தால் அதன் நகலை நமக்கு அனுப்புங்கள். இவ்விதழில் வெளியிடுவோம்.