பாதிக் குடை

சென்ற வாரம் ஒரு மாலை நேரத்தில் நமது நண்பர் ஒருவர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். நோட்டுப் புத்தகங்களும் காகிதமும் விற்கும் சிறு கடை அவருக்கு உண்டு. பின்கட்டில் ஓர் அச்சு யந்திரமும் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம் முதலியவை அடித்துக் கொடுப்பார். சிப்பந்திகள் இருவர். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நம் முன் வைத்தார். கடையின் இன்ஷியூரன்ஸ் பாலிஸியைப் புதுப்பிக்கும்படி வந்த கடிதம் அது.

"இந்தத் தண்டச் செலவை எப்படிக் குறைக்கலாம், சொல்லுங்கள் ஸார்! ஐந்து வருஷமாய்க் கட்டுகிறேன். ஒரு காசு திரும்பி வந்ததில்லை" என்றார்.

"வரவில்லையே என்றா வருந்துகிறீர்? வந்திருந்தால் அல்லவோ வருந்த வேண்டும்!" என்றோம் நாம்.

நண்பர் சிரிக்கவில்லை. "நான் ஒரு யோசனை செய்து வைத்திருக்கிறேன். சரக்கின் மதிப்பைப் பாதியாக எழுதிவிட்டால் பிரீமியமும் பாதியாகிவிடும். கடை முழுவதும் எங்கே எரியப் போகிறது? ஏதோ கொஞ்சம் சேதமானால், அதற்குப் பாதித் தொகையே தாராளம் அல்லவா?" என்றார்.

இந்த யோசனை நம் நண்பருக்கு மட்டும் உதித்ததன்று. நாட்டிலுள்ள சிறு வியாபாரிகளில் எத்தனையோ பேருக்கு இது உதித்திருக்கிறது. பார்வைக்கு வெகு புத்திசாலித்தனமாகவும் இருக்கிறது. ஆனால் கடை வைத்திருப்போரின் குடும்பங்களை இதைப் போல் ஏமாற்றும் யோசனை வேறொன்று இல்லை என்பது நமது அபிப்பிராயம். ஆகவே நண்பருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னையில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் முதலிய இடங்களில் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த இருவர் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தார்கள். ஒருவருக்கு அச்சுக்கூடம், மற்றவருக்கு ஜவுளிக்கடை. இருவரிடமும் பாலிஸி இருந்தது. தண்ணீர் வடிந்ததும் இருவரும் அதைத் தேடி எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினார்கள்.

அச்சுக்கூடத்துக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காலத்துத் தீ விபத்துப் பாலிஸியில் புயல், வெள்ளம் ஆகியவற்றை வேண்டாமென்று நீக்கிக்கொண்டால் பிரீமியத்தில் சிறிது தள்ளுபடி உண்டு. "இந்தத் தெருவுக்கு ஆறு எங்கே வரப் போகிறது?" என்று அவர் நீக்கிக்கொண்டிருந்தார். ஆறு வந்துவிட்டது.

ஜவுளிக்கடைக்காரர் அப்படி ஒன்றையும் நீக்கவில்லை. அவர் செய்தது நம் நண்பர் செய்ய நினைத்த அதே காரியந்தான். கடையில் இருந்த சரக்கு 20 லக்ஷம் ரூபாய் பெறும். அவர் 10 லக்ஷத்துக்கு இன்ஷியூர் செய்திருந்தார். கீழ்த்தட்டுகளில் இருந்த துணி மட்டும் நனைந்து 4 லக்ஷம் ரூபாய் நஷ்டம். 'நமது பாலிஸி 10 லக்ஷத்துக்கு இருக்கிறது. நஷ்டமோ 4 லக்ஷந்தான். முழுவதும் வந்துவிடும்' என்று மனிதர் தைரியமாக இருந்தார். கம்பெனியின் சார்பில் வந்த சர்வேயர், கொள்முதல் பில்களையும் சரக்கையும் ஒத்துப் பார்த்தார். பிறகு ஒரு சிறு கணக்குப் போட்டார். சரக்கின் உண்மை மதிப்பில் பாதிக்கே பாலிஸி. ஆகையால் நஷ்டத்திலும் பாதியே கிடைக்கும். 4 லக்ஷம் 2 லக்ஷமாயிற்று. ஒவ்வொரு நஷ்டத்திலும் பாலிஸிதாரரே தாங்கவேண்டிய சிறு பகுதி ஒன்று உண்டு. அதுவும் அதில் கழிந்தது.

இதற்குத்தான் இன்ஷியூரன்ஸ்காரர்கள் 'ஆவரேஜ்' விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பள்ளிக்கூடத்துக் கணக்கு என்று தோன்றும். நஷ்டமடைந்தவன் காதில் அது விழும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது. பாதிக் குடை பிடித்துக்கொண்டு மழையில் போகிறவன் பாதி உடம்பாவது நனையாது என்று நினைக்கிறான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவன் நனையத்தான் நனைகிறான்.

இது அநியாயம் என்று முதலில் தோன்றலாம். சற்று ஆலோசித்தால் அப்படியல்ல என்பது புலப்படும். இன்ஷியூரன்ஸ் என்பது என்ன? ஆயிரம் கடைக்காரர்கள் ஒரு பொது உண்டியில் பணம் போடுகிறார்கள். அவர்களில் துரதிர்ஷ்டம் பிடித்த நாலைந்து பேருடைய நஷ்டம் அந்த உண்டியிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. தம் சரக்கின் முழு மதிப்பையும் சொல்லி முழுப் பங்கும் போட்டவர் ஒருவர். பாதி மதிப்பைச் சொல்லிப் பாதிப் பங்கு போட்டவர் மற்றொருவர். இருவருக்கும் உண்டியிலிருந்து ஒரே அளவில் எடுத்துக் கொடுத்தால், உண்மை சொன்னவரல்லவா மோசம் போவார்?

இந்தப் பொது உண்டி என்ற எண்ணத்துக்காக நம் நாட்டில் பெரியோர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தீக்கும் கப்பலுக்கும் நம்மவர் கட்டிய பிரீமியம் பெரும்பாலும் அந்நியக் கம்பெனிகளுக்கே போய்க்கொண்டிருந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-ஆம் வருஷத்தில்தான் கல்கத்தாவில் நேஷனல் இன்ஷியூரன்ஸ் கம்பெனி பிறந்தது. 1919-ல் ஸர் தோராப்ஜி டாட்டா பம்பாயில் நியூ இந்தியா கம்பெனியை நிறுவினார். சுதந்திரம் வந்த பின், 1973 ஜனவரி 1-ஆம் தேதி முதல், ஆயுள் இன்ஷியூரன்ஸ் தவிர்ந்த மற்ற வகைகளை நடத்திவந்த 107 கம்பெனிகள் தேசமயமாகி நான்கு கம்பெனிகளாக ஒன்று சேர்க்கப்பட்டன. அந்த நான்கில் யுனைடெட் இந்தியா என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2000-ஆம் வருஷத்துக்குப் பின் தனியார் கம்பெனிகளும் மறுபடி வந்திருக்கின்றன. உண்டி யார் கையில் இருந்தாலும் அதில் போடுகிற பணம் நம் ஜனங்களுடையது. அதற்கு உண்மை சொல்வதும் ஒரு சுதேசி தர்மம் என்றே நாம் கருதுகிறோம்.

"அப்படியானால் நான் என்னதான் செய்யவேண்டும்?" என்று நண்பர் கேட்டார்.

முதலில் மதிப்பைச் சரியாகப் போடவேண்டும். சரக்கு விற்கும் விலைக்கல்ல, கொள்முதல் விலைக்கு மதிப்பிட வேண்டும். நாளை கிடைக்கக்கூடிய லாபத்தை அதில் சேர்க்கலாகாது. யந்திரத்துக்கு அப்படியல்ல. பத்து வருஷத்துக்கு முன் என்ன கொடுத்து வாங்கினோம் என்று பார்ப்பதில் பயனில்லை. அதே மாதிரி யந்திரத்தை இன்று வாங்கவேண்டுமானால் என்ன ஆகும் என்று விசாரித்து எழுதவேண்டும். பழைய விலையையே வருஷா வருஷம் எழுதிக்கொண்டு போகிறவர்கள், தாம் அறியாமலே பாதிக் குடை பிடிக்கிறார்கள்.

சரக்கு வருஷம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் நோட்டுப் புத்தகமும், தீபாவளிக்கு முன் ஜவுளியும் மலைபோல் குவியும். ஆபத்து வந்தால் அந்த மாதத்தில் வந்தால்தான் பெருநஷ்டம். இத்தகைய வியாபாரத்துக்கென்றே 'டிக்ளரேஷன்' முறை ஒன்று உண்டு. உச்ச அளவுக்குப் பாலிஸி எடுத்துக்கொண்டு, மாதா மாதம் இருப்பைக் கம்பெனிக்குத் தெரிவித்துவந்தால், வருஷ முடிவில் கணக்குப் பார்த்து அதிகப்படியான பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

சிறு வியாபாரிகளுக்கு அனுகூலமான ஓர் ஏற்பாடு 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. ஓரிடத்திலுள்ள உடைமைகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு, 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பெயரில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரியான பாலிஸியை அளிக்கின்றன. தீ, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், கலகம் முதலியவை அதில் அடங்கும். மதிப்பு நூற்றுக்கு 15 வரை குறைவாய்ப் போயிருந்தால் அதைப் பொருட்படுத்துவதில்லை. விலைவாசி ஏறியதால் மனிதன் செய்யும் பிழைக்கு இது போதும். வேண்டுமென்றே பாதியை மறைப்பவனுக்கு இது உதவாது.

இனி, எது அடங்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சார யந்திரம் மிதமிஞ்சி ஓடியோ மின்கசிவினாலோ தானே கருகிப்போனால், அந்த யந்திரத்துக்குத் தீ விபத்துப் பாலிஸி ஈடு தராது; அதற்கு யந்திரப் பழுதுப் பாலிஸி தனி. திருட்டுக்கும் தனிப் பாலிஸி வேண்டும். அதிலும் பூட்டை உடைத்தோ சுவரில் கன்னம் வைத்தோ பலவந்தமாகப் புகுந்த அடையாளம் இருக்கவேண்டும். யுத்தத்தால் நேரும் சேதம் அடங்காது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைப் போன்ற சம்பவத்துக்குச் சாதாரணப் பாலிஸியை நம்பக் கூடாது. சிப்பந்திகளுக்கு வேலையில் அடிபட்டால் ஈடு கொடுக்கும் கடமை 1923-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து நம் நாட்டில் இருந்துவருகிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் கடமை மாறவில்லை. அச்சு யந்திரத்தில் ஆளை நிறுத்துகிறவர் அதை மறக்கலாகாது.

பாங்கியில் கடன் வாங்கியவர்கள் மற்றொன்றைக் கவனிக்கவேண்டும். 'பாங்கிக்காரரே இன்ஷியூர் செய்துவிட்டார்' என்று பலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்தப் பாலிஸி பல சமயங்களில் கடன் தொகைக்கு மட்டுமே இருக்கும். வருகிற பணமும் முதலில் கடனுக்கே போகும். அதை ஒரு தரம் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. கிடங்கை வேறு தெருவுக்கு மாற்றினால் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். பாலிஸியில் கண்ட விலாசத்தில் இருக்கும் சரக்குக்குத்தான் பாலிஸி.

"எல்லாம் சரி, பிரீமியத்தைக் குறைக்க வழி சொல்லவில்லையே!" என்றார் நண்பர், விடாமல்.

அதற்கும் நேர்மையான வழிகள் உண்டு. 2007-ஆம் வருஷம் முதல் தீ விபத்துப் பிரீமியம் எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே விகிதம் என்பது இல்லை. ஆகவே நாலு இடத்தில் கேட்டு, சொற்களையும் விலையையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். தீயணைக்கும் கருவி வைத்திருந்தால், பழைய மின்கம்பிகளை மாற்றியிருந்தால், அதைச் சொல்லிக் கேட்கலாம். சிறு நஷ்டங்களைத் தாமே அதிகமாகத் தாங்குவதாக ஒப்புக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லலாம். ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் எந்தக் கடையும் மூழ்காது. மூழ்கடிக்கும் நஷ்டத்துக்கு அல்லவா பாலிஸி? எதைக் குறைத்தாலும் மதிப்பைக் குறைக்கக் கூடாது. தவணை நாளையும் தவறவிடக் கூடாது. பிரீமியம் கைக்கு வந்து சேரும் வரையில் கம்பெனி எந்த ஆபத்தையும் ஏற்கக் கூடாது என்பது சட்டம்.

கொள்முதல் பில்களின் பிரதியும், யந்திரங்களின் படமும், பாலிஸியும் கடையில் மட்டும் இருக்கலாகாது. கடை எரிந்தால் அவையும் எரியும். அவற்றை வீட்டில் வைத்து, வீட்டிலுள்ளவர்களுக்கும் இடத்தைச் சொல்லி வைக்கவேண்டும். கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் சுலபம். நியாயமான தொகையைக் கம்பெனி மறுத்துவிட்டால், அக்கம்பெனிக்கே முதலில் எழுத்து மூலம் முறையிட்டுப் பிறகு இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி, தனி மனிதர் நடத்தும் தொழில்களும் மிகச் சிறு தொழில்களும் அவரிடம் செலவின்றி முறையிட இடமிருக்கிறது.

"கடை முழுவதும் எரியாது" என்று நண்பர் சொன்னதற்கு மட்டும் நாம் பதில் சொல்லவில்லை. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட்டை நினைவிருக்கிறதா என்று கேட்டோம். 1985-ஆம் வருஷத்தில் அது எரிந்தபோது, எத்தனையோ சிறு வியாபாரிகளின் கடை முழுவதுமே போயிற்று. நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைப்பக்கம் போனோம். கதவு பாதி திறந்திருந்தது. நண்பர் ஏணிமேல் நின்று காகித ரீம்களை எண்ணிச் சொல்ல, அவருடைய மனைவி கீழே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் அந்த அம்மாள், "பாருங்கள், இவர் எட்டு லக்ஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினாலு லக்ஷத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் மேல் பரண் பாக்கியிருக்கிறது!" என்றார்.

கடை வைத்திருக்கும் நேயர்கள் தங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.